தண்ணீர் இன்னும் சூடாகவில்லை

மொந்தாலியோ, 1368
திருநீற்றுப் புதன் கழிந்த சனிக்கிழமை

பதுவை நகரத்து அர்ச். அந்தோனியார் மடத்தில் பாட்டு வாத்தியாராக இருக்கும் சங்கைக்குரிய சகோதரர் ரனியேரி அவர்களுக்கு, அதாவது என் அண்ணன் நேரிக்கு,

தங்கச்சி நூத்தா எழுதுவது. சேசுவுக்கே தோத்திரம். இங்கே நானும் உன் மச்சான் சேக்கோவும் சுகம். அவருக்கு முதுகுவலி மட்டும் விடவில்லை. சேணம் தைக்கிறவனுக்கு வராமல் கழுதைக்கா வரும் என்று கேட்டேன், கோபித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். பன்றிக்கொழுப்புச் சட்டியைப் பரணில் ஏற்றியாயிற்று. இனி ஈஸ்டர் வரைக்கும் அவரைப் பருப்பும் வெங்காயமும்தான். உன் இருமல் எப்படி இருக்கிறது? அந்த ஊர் மூடுபனி உனக்கு ஆகாது என்று அன்றைக்கே சொன்னேன், நீ கேட்டால்தானே.

ஒரு சேதி இருக்கிறது, உட்கார்ந்து படி. நம் மடத்துக் கோவிலின் நடுச்சுவரை இடிக்கப் போகிறார்கள்!

உத்தரம் உளுத்துவிட்டதாம். கம்பளி வியாபாரியின் விதவை கல்லிலே புதிதாகக் கட்டித் தருகிறாள். ஈஸ்டர் முடிந்ததும் இடிப்பு. அர்ச். பிராஞ்சீஸ்கு திருநாளுக்குள் புதுச்சுவர் எழும்பிவிடும். அதுவரை சாமியார்களாகிய உங்கள் பக்கம், ஊராராகிய எங்கள் பக்கம் என்று கிடையாது. பகலில் பெண்களும் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று மடத்துப் பெரியவரே பிரசங்கத்தில் சொல்லிவிட்டார்.

நேரி, நான் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். எனக்கு முப்பத்து நாலு வயசு ஆகிறது. கைக்குழந்தையிலேயே என்னை விட்டுச் செத்துப்போன அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பா இருந்தவரை, கேட்டால் எழுந்து பட்டறைக்குப் போய்விடுவார். கேட்கக்கூடிய மற்ற எல்லோரையும் பெருஞ்சாவுக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிற்று. மீதி இருப்பது நீயும் அம்மாவை எழுதிய அந்த உள்சுவரும்தான். உன் சாமியார்கள் தினமும் பார்த்துப் பாடும் படத்தைப் பெற்ற மகள் ஒருநாள் பார்க்கட்டும்.

நான் எங்கே நின்று எங்கே பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுது. கம்பளி வண்டிக்காரன் திரும்பும்போது பதிலை வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். மாதா உன்னைக் காப்பாற்றட்டும்.

உன் நூத்தா

*

பதுவை
தவக்காலத்து நாலாம் ஞாயிறு

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உனக்கும் மச்சானுக்கும் உண்டாகட்டும். இருமல் தேவலை. என் பிள்ளைகள், அதாவது நவசந்நியாசிகள், பாடுவதைக் கேட்டால் எனக்கா இருமல் அவர்களுக்கா என்று சந்தேகம் வரும். மூடுபனியைப் பற்றி நீ சொன்னது உண்மைதான். காலையில் முற்றத்தில் நடந்தால் எதிரே வருகிறவரை அவர் செருப்புச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுகொள்கிறோம்.

சுவர் சேதி படித்தேன். நல்ல காரியம்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். மடத்திலிருந்து கோவிலுக்குள் வரும் சின்ன வாசல் இருக்கிறதல்லவா, அதை ஒட்டினாற்போல இடப்பக்கச் சுவரில், கீழ்வரிசையில், ஆள் உயரத்தில் இருக்கிறது மாதா பிறந்த படம். மாதாவைப் பெற்ற அன்னம்மாள் கட்டிலில் சாய்ந்திருப்பாள். ஒருத்தி கோழிச்சாறு கொண்டுவருவாள். கட்டிலுக்குக் கீழே செம்புத் தொட்டி. தொட்டியருகே முழங்காலிட்டிருப்பவள்தான் நம் அம்மா. வாசலுக்கு முதுகைக் காட்டியபடி இருப்பாள். இடக்கையில் குழந்தை மாதா. வலக்கை தண்ணீருக்குள், மணிக்கட்டு வரை. சூடு பார்க்கிறாள். சித்திரக்கார மேஸ்திரி பாச்சே அந்தக் கையைப் பிரமாதமாக எழுதியிருக்கிறார். நீரில் விரல்கள் கொஞ்சம் வளைந்து தெரியும். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டிருப்பாள். பச்சைச் சட்டை, மாவு நிறத்தில் முக்காடு.

அவள் கையிலிருக்கும் குழந்தை மாதா யார் என்று உனக்குத் தெரியும். நீதான். அந்தக் கோடையில் நீ பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கோவில் இன்னும் மந்திரிக்கப்படவில்லை, நடுச்சுவரும் இல்லை, மடத்துத் துணிகளை வெளுக்கும் அம்மா தாராளமாக உள்ளே போய்வருவாள், மேஸ்திரி உங்கள் இருவரையும் பார்த்துத்தான் எழுதினார். பல் முளைக்கும் முன்னே தலைக்குப் பின்னால் பொன்வட்டம் வாங்கியவள் நம் ஊரிலேயே நீ ஒருத்திதான். பிறகு உன் நடத்தையைப் பார்த்துப் பிடுங்கிக்கொண்டார்கள்.

தொட்டிச் செம்பில் ஓடும் கோட்டு வரிகளையும் பார்க்கத் தவறாதே. நன்றாக இருக்கும்.

உன் அண்ணன், எளிய சகோதரன் ரனியேரி

*

மொந்தாலியோ
குருத்து ஞாயிறு

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். எல்லோரும் சுகம். மாதாவின் கிருபையால் நீயும் அப்படியே இருப்பாய்.

கடிதம் வந்தது. சேக்கோவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னது: "உங்கண்ணன் தொட்டியப் பத்தி எழுதியிருக்காரு, சட்டையப் பத்தி எழுதியிருக்காரு. ஆள் எங்க?"

நானும் அதைத்தான் கேட்கிறேன். மூக்கு எப்படி? கண் எப்படி? சிரித்த முகமா, சிடுமூஞ்சியா? எனக்கு இப்போதே தெரிய வேண்டும். போய் நிற்கும்போது புதியவளைப் பார்ப்பதுபோல விழிக்க எனக்கு இஷ்டமில்லை.

நினைவிருக்கிறதா, நீ சபையில் சேர்ந்த புதிதில் நான் நடுச்சுவர்க் கிராதிக்கு வெளியே வந்து நிற்பேன். நீ மெழுகுதிரி எடுக்க வருகிறாற்போல வருவாய்.

"அம்மா எப்படிடா இருக்கா?" என்பேன்.

"இருக்கா. தண்ணி இன்னும் சூடாகல" என்பாய்.

அவ்வளவுதான். நான் வீட்டுக்குப் போய்விடுவேன். கல்யாணத்துக்கு முந்தின நாளும் வந்தேன். என் மகனைப் புதைத்த அன்றும் வந்து நின்றேன். நீ அதையேதான் சொன்னாய். அன்றைக்கு எனக்கு அது எத்தனை ஆறுதலாக இருந்தது என்று உன்னிடம் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். அம்மா எங்கேயும் போகவில்லை, அந்தச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் சுடுவதற்காகக் காத்திருக்கிறாள், அவ்வளவுதான் என்று தோன்றும்.

நேரி, முகத்தை எழுது.

நூத்தா

*

பதுவை
உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வெள்ளி

அன்புத் தங்கச்சிக்கு,

அல்லேலூயா. ஈஸ்டருக்கு இங்கே ஆட்டுக்கறி. என் பிள்ளைகள் பாட்டை மறந்து பந்தியை நினைத்தார்கள். நான் சுகம்.

நான் சொல்வதைக் கேள். இடிக்கும்போது தூசி கிளம்பும். ஊர்ப் பெண்கள் எல்லாம் முட்டி மோதுவார்கள். அந்தக் கூட்டத்தில் போய் என்ன பார்ப்பாய்? இலையுதிர் காலத்தில் சபைக்கூட்டத்துக்கு நான் அந்தப் பக்கம் வருவதாக இருக்கிறது. அதுவரை பொறு. இருவரும் சேர்ந்து போகலாம். நானே பக்கத்தில் நின்று காட்டுகிறேன்.

மச்சானின் முதுகுக்கு லாரல் எண்ணெய் தடவு.

ரனியேரி

*

மொந்தாலியோ
ஆரோகணத் திருநாளுக்கு மறுநாள்

அண்ணனுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று நினைக்கிறேன்.

நான் பொறுக்கவில்லை. திருநாளன்று பூசை முடிந்ததும் போனேன். நீ சொன்னது சரிதான், ஊரே உள்ளே இருந்தது. எதிர்வீட்டு பீச்சே சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? இதுக்கா இத்தன வருஷம் கதவப் பூட்டி வச்சாங்க? நம்ம பக்கத்துல இருக்கற நரகப் படமே இதவிட நல்லாருக்கு" என்றாள். சாமியார்கள் உட்காரும் ஆசனங்களில் கிழவிகள் ஏறி உட்கார்ந்து ஆட்டிப் பார்த்தார்கள். நான் யாரிடமும் பேசாமல் நேரே வாசல் பக்கம் போனேன்.

அன்னம்மாள் இருக்கிறாள். கோழிச்சாறு இருக்கிறது. தொட்டி, வரிகள், பச்சைச் சட்டை, சுருட்டிய கை, தண்ணீரில் வளைந்த விரல்கள், எல்லாம் நீ எழுதிய மாதிரியே இருக்கின்றன. குழந்தை இருக்கிறது. மொட்டைத் தலையும் பொன்வட்டமுமாக நான் இருக்கிறேன்.

முகம் இல்லை, நேரி.

முக்காட்டுக்குள்ளே வெறும் சாந்து. உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று, வெள்ளையாக. மற்ற எல்லோருக்கும் கண்ணும் மூக்கும் இருக்கின்றன. சாறு கொண்டுவரும் வேலைக்காரிக்குக்கூட மச்சம் இருக்கிறது. என் அம்மாவுக்கு மட்டும் இல்லை.

உனக்கு இது தெரியும். தெரிந்துதான் தொட்டியைப் பார், வரியைப் பார் என்று எழுதினாய். எத்தனை வருஷமாக "தண்ணி இன்னும் சூடாகல" என்று அந்த வெற்றுச் சாந்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாய்?

பதில் எழுது.

நூத்தா

*

மொந்தாலியோ
அர்ச். அந்தோனியார் திருநாள் கழிந்த எட்டாம் நாள்

அண்ணனுக்கு,

வண்டிக்காரன் இரண்டு முறை வந்தான், வெறுங்கையோடு. நீ ஆரோக்கியமாக இருப்பதாகவும் மெலிந்திருப்பதாகவும் சொன்னான். உன் மடத்தில் திருநாள் கூட்டம் நெருக்கியிருக்கும், எழுத நேரமிருந்திருக்காது என்று சேக்கோ உனக்காகப் பேசுகிறார். அவர் எப்போதும் உன் கட்சி.

நான் கோபத்தோடு எழுதினேன். அந்தக் கோபம் இப்போது இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

விளக்குப் பார்க்கும் கிழட்டுச் சகோதரர் ஜில்யோவைப் பிடித்துக்கொண்டேன். அவருக்குக் காது மந்தம், ஆனால் வாய் ஓயாது.

"சாமி, அந்த முகத்த யார் அழிச்சது?"

"எந்த முகம்? ஓ, அதுவா. உங்கண்ணன் கைதாம்மா."

"என்ன சொல்றீங்க?"

"செபத்துக்கு வரும்போது ஒரு தடவ தொடுவான், போகும்போது ஒரு தடவ தொடுவான். அர்ச்சியசிஷ்டவர்களத் தொடறவன் பாதத்தத் தொடுவான். இவன் கன்னத்தத் தொடுவான். 'டேய், அது காஞ்ச சாந்துமேல வச்ச சாயம், ஈரத்துல வச்சதில்ல, ஒட்டாது, கைய எடு'ன்னு வைவேன். தலையாட்டுவான். மறுநாளும் தொடுவான். மொதல்ல கன்னம் போச்சு. அப்புறம் வாய் போச்சு. கண்ணு ரொம்ப நாள் இருந்துது."

அவரே மேலும் சொன்னார்.

"கண்ணும் அழிஞ்ச வருஷந்தான் பதுவைக்கு அனுப்புங்கன்னு பெரியவர் கால்ல விழுந்து கேட்டு வாங்கிட்டுப் போனான். நல்ல பாட்டுக்காரன். போயிருக்க வேண்டாம்."

சபை உன்னை அனுப்பியது என்றுதான் நான் மூன்று வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீ கிளம்பிய அன்று கிராதிக்கு உள்ளே நின்று அழுதாயே, அது என்னைப் பிரிவதற்காக என்று நினைத்தேன்.

உன்னைத் திட்ட வேண்டும் என்று எத்தனை முயன்றும் எனக்கு வரவில்லை, அண்ணா. எனக்கும் கை எட்டியிருந்தால் நானும் தொட்டிருப்பேன். இரண்டு பேர் கை பட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் போயிருக்கும்.

புதுச்சுவருக்குச் சித்திரம் எழுத ஊர்பியேத்தோவிலிருந்து ஒரு மேஸ்திரி வந்திருக்கிறார், பெயர் வித்தாலே. அந்த முகத்தையும் சரிசெய்து தரச் சொல்லியிருக்கிறார் பெரியவர். யாருடைய சாயலில் எழுதுவது என்று மேஸ்திரி என்னைக் கேட்கிறார். நான் உன்னைக் கேட்கிறேன். உனக்கு அப்போது ஏழு வயசு. உனக்குத் தெரியும்.

நூத்தா

*

பதுவை
அர்ச். மதலேன் மரியம்மாள் திருநாள்

அன்புத் தங்கச்சிக்கு,

ஆண்டவருடைய சமாதானம். இங்கே வெயில் தாங்கவில்லை. பாடும் புத்தகத்தின் தோல் அட்டை கையில் ஒட்டுகிறது. ஒரு பிள்ளை பாட்டின் நடுவில் மயங்கி விழுந்தான். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து விட்ட இடத்திலிருந்து பாடினான், நல்லவன்.

மேஸ்திரியிடம் சொல், உன் முகத்தை வைத்து எழுதட்டும். மகளுக்குத் தாய் சாயல் இராமல் போகாது.

முகத்தைப் பற்றி இனி என்னைக் கேட்காதே, நூத்தா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். கேட்டால் தருவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. சுவரில் இருந்தவரை இருந்தது.

ரனியேரி

*

மொந்தாலியோ
மாதா பரலோகம் போன திருநாளுக்கு அடுத்த புதன்

என் அன்பு நேரிக்கு,

உடனே எழுதுகிறேன். சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

திங்கட்கிழமை நான் போய் உட்கார்ந்தேன். மேஸ்திரி வித்தாலே இளவயதுக்காரர், குறும்பு. "அக்கா, தலையக் குனிங்க. இன்னும். மாதாவக் குளிப்பாட்டறீங்க, கடன்காரனத் தேடல" என்றார். நான் குனிந்துகொண்டே இருந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது. அவர் பழைய முகத்துச் சாந்தைச் சுற்றிலும் கீறி, சின்ன உளியால் நெம்பினார். புதுச்சாந்து பிடிக்க வேண்டுமானால் பழையது வர வேண்டுமாம். அது ஒரே துண்டாகப் பெயர்ந்து அவர் கைக்கு வந்தது.

அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு விளக்கைச் சுவருக்குக் கிட்டே பிடித்தார்.

"அக்கா, இங்க வாங்க. இது யாரு?"

மேல்சாந்துக்கு அடியில் இன்னொரு சாந்து, கரடுமுரடாக. அதில் செங்காவியில் கோடுகள். சித்திரக்காரர்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் சுவரிலேயே வரைந்து பார்த்துக்கொள்வார்களாம், அதன்மேல் பூசி மூடிவிட்டுப் பிறகு சாயம் வைப்பார்களாம். மேஸ்திரி பாச்சே அம்மாவை எதிரே வைத்துக்கொண்டு வரைந்தது அது. சாயம் கிடையாது, பத்துப் பன்னிரண்டு கோடுகள் இருந்தாலே அதிகம்.

நேரி, நான் அம்மாவைப் பார்த்தேன்.

நம் மூக்கு. நடுவில் வளைந்த அதே மூக்கு. அது அப்பா கொடுத்தது என்று இத்தனை காலம் அவரை அநியாயமாகத் திட்டினேன். அகலமான வாய். முக்காடு பின்னால் நழுவி, நெற்றி மயிர் காதோரம் சுருண்டு தொங்குகிறது. புருவம் ஒன்று மேலே ஏறியிருக்கிறது. யாராவது தப்பாகப் பாடினால் நீ ஏற்றுவாயே, அப்படி. அவள் குனியவே இல்லை! தண்ணீரையும் பார்க்கவில்லை, கையிலிருக்கும் என்னையும் பார்க்கவில்லை. தோளுக்கு மேலே தலையைத் திருப்பி, வாயைத் திறந்து, யாரிடமோ என்னவோ சொல்கிறாள்.

ஜில்யோ சாமி வந்து பார்த்துவிட்டு அழுதார். அவருக்கு அப்போதுதான் கதை முழுக்க நினைவு வந்தது. அந்தக் காலத்துப் பெரியவருக்கு இந்த முகம் பிடிக்கவில்லையாம். மாதாவைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி வாயாடுவதா என்று சண்டை. பாச்சே முகத்தை மட்டும் எழுதாமல் நிறுத்திவிட்டார். குளிர் காலத்தில் அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். பிறகு அவர் நினைவிலிருந்து ஒரு குனிந்த முகத்தைக் காய்ந்த சாந்தின்மேல் வைத்துவிட்டு ஊருக்குப் போனாராம். நீ தொட்டது அந்த முகத்தைத்தான்.

அன்று முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சேக்கோ ரொட்டியும் வெங்காயமும் கொண்டுவந்தார். பார்த்தார். "மாமியாரே, தோத்திரம்" என்று தொப்பியைக் கழற்றினார். முதல் தடவையாக என் வீட்டுக்காரருக்கு மாமியார் கிடைத்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

இன்று காலை இப்போதைய பெரியவரும் வந்தார். மேஸ்திரி எவ்வளவோ கேட்டுப் பார்த்தார், இப்படியே எழுதுகிறேன் என்று.

"வேண்டாம். முன்ன இருந்த மாதிரியே குனிஞ்சு இருக்கட்டும். வாசலப் பாத்துப் பேசறவ நம்ம சுவருக்கு ஆகாது" என்றார் பெரியவர்.

"சாமி, இன்னும் ஒருநாள் விடுங்க" என்றேன்.

"ஒருநாள்" என்றார். நல்ல மனுஷன். நாளைக் காலையில் சாந்து பூசிவிடுவார்கள்.

அவள் யாரைப் பார்க்கிறாள்? அந்தப் பக்கம் மடத்து வாசல் ஒன்றுதான் இருக்கிறது. நான் எழுந்து போய் அங்கே நின்று பார்த்தேன். நேராக என்னைப் பார்த்தாள். நீ செபத்துக்கு வரும் வாசல், அண்ணா. நீ குனிந்த முகத்தைத் தொட்டுத் தொட்டுப் போனாய். அதற்கு அடியில் அவள் நீ உள்ளே வரும்போதெல்லாம் உன்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூத்தா

*

பதுவை
மாதா பிறந்த திருநாள்

நூத்தா,

வாசலில் நின்றது நான்தான்.

உன் கடிதத்தைப் பாட்டறையில் பிள்ளைகள் முன்னால் பிரித்துவிட்டேன். பாதியில் எழுந்து வெளியே போனேன். அவர்கள் யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து மரித்தோர் செபம் ஆரம்பித்தார்கள். போய் நிறுத்தச் சொன்னேன். இன்று திருநாள். காலையில் மாதாவின் பிறப்பைப் பாடி முடித்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

துண்டு பிடிப்பது என் வேலை. அம்மா முழங்காலிட்டிருப்பாள், நீ அழுவாய், மேஸ்திரி பாச்சே கரியும் காவியுமாக நிற்பார், நான் காய்ந்த துண்டோடு பக்கத்தில் நிற்க வேண்டும். நானோ சாயம் அரைக்கிறதை வேடிக்கை பார்க்க வாசல் வரைக்கும் போய்விட்டேன். துண்டைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டுவிட்டேன். எடுக்கலாமா, ஓடலாமா என்று முழித்துக்கொண்டு நின்றேன். அப்போது அம்மா திரும்பினாள். அந்தப் புருவம் ஏறியது.

"டேய் நேரி! துண்டு எங்கடா? தண்ணி ஆறுது, பிள்ள நடுங்குது, ஓடியா!"

சத்தம் போட்டுவிட்டுச் சிரித்தாள். என் கையெல்லாம் சுண்ணாம்பு. அதைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

நீ எழுதிய மூக்கும் வாயும் காதோரத்து மயிரும் கண்ணில் பட்டதும் குரலோடு வந்துவிட்டாள், நூத்தா. கொஞ்சம் கரகரத்த குரல். நான் இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருந்தது சுவரில் இருந்த குனிந்த முகம். அதற்கு முன்னால் இருந்தது எதுவும் என்னிடம் இல்லை என்றே நினைத்திருந்தேன். அந்த முகமும் போனபின் உன் எதிரில் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. நீ வந்து அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்பாயே.

ஓடிப் போனேனா இல்லையா என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பெற்றவளைப் பார்த்தறியாத நீ, பார்த்த எனக்கு அவளைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். நான் உனக்கு என்ன சொல்வது? மச்சானுக்கு என் முத்தம். ஜில்யோ சாமிக்கு என் வணக்கம். அவர் பேச்சை நான் கேட்கவே இல்லை என்று சொல்.

உன் நேரி

*

மொந்தாலியோ
அர்ச். பிராஞ்சீஸ்கு திருநாளுக்கு மறுநாள்

என் அன்பு அண்ணனுக்கு,

சேசுவுக்கே தோத்திரம். நாங்கள் சுகம். லாரல் எண்ணெய் வேலை செய்தது, சேக்கோ நிமிர்ந்து நடக்கிறார், இனிப் பிடிக்க முடியாது. கஷ்கொட்டை நன்றாகக் காய்த்திருக்கிறது. மாவு அரைத்ததும் வண்டிக்காரனிடம் ஒரு மூட்டை கொடுக்கலாம் என்று இருந்தேன். இப்போது கொடுப்பதாக இல்லை, காரணம் கடைசியில் சொல்கிறேன்.

நேற்றுப் பூசையோடு புதுச்சுவர் மந்திரிக்கப்பட்டது. அழகாகத்தான் இருக்கிறது. கல்லிலே கொடி, கொடியிலே பழம். புதிதாகப் போட்ட கிராதியில் விரல் நுழையக்கூட இடமில்லை. பீச்சே மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் கோவில் கோவிலாட்டம் இருக்கு" என்கிறாள். வழக்கமான இடத்தில் போய் நின்றேன். அந்தப் பக்கம் பாடுகிற சத்தம் கேட்டது. உன் குரல் இல்லாமல் சப்பென்று இருக்கிறது, உள்ளதைச் சொல்கிறேன்.

வித்தாலே படத்தை முடித்துவிட்டார். முகம் என்னுடையது. குனிந்து, அடக்க ஒடுக்கமாக, ஊரில் யாரும் என்னை அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி. கையிலிருக்கும் குழந்தையும் நான். ஆக என்னை நானே குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கோலத்தைப் பார்த்து உன் சாமியார்கள் காலமெல்லாம் பாடப் போகிறார்கள், அவர்கள் தலையெழுத்து. ஈரச் சாந்தின்மேல்தான் வைத்திருக்கிறார், கேட்டுத் தெரிந்துகொண்டேன். நீ எத்தனை தடவினாலும் போகாதாம். ஆனாலும் என் கன்னத்தைத் தடவிக்கொண்டிராதே, எனக்குக் கூசும்.

சாந்து பூசிய அன்று காலையில் நான் பக்கத்தில் நின்றேன். மேஸ்திரி கரண்டியில் சாந்தை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ம் என்றேன். முதலில் முக்காட்டு ஓரத்திலிருந்து தொடங்கினார், கண்ணை எனக்காகக் கடைசி வரைக்கும் விட்டுவைத்தார். வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மூடியது சுவர்தானே. நான் பார்த்தாயிற்று. கண்ணை மூடினால் வருகிறாள். இப்போது உன் கடிதத்தால் குரலோடும் வருகிறாள். அடுப்பங்கரையில் நிற்கும்போது அந்த வார்த்தையை நானே சொல்லிப் பார்க்கிறேன், கொஞ்சம் கரகரத்த குரலில். சேக்கோ பயந்துபோய் எட்டிப் பார்க்கிறார்.

பெரியவரிடம் போய் உன்னைப் பற்றிப் பேசினேன். பாட்டுக்கு ஆள் இல்லை என்று அவரே புலம்பிக்கொண்டிருந்தார். நீ ஒரு வார்த்தை கேட்டு எழுதினால் இலையுதிர் காலத்துச் சபைக்கூட்டத்தில் உன்னைத் திருப்பி வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். உன் ஆசனம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். அதனால்தான் மாவு மூட்டை அனுப்பவில்லை. வந்து இங்கேயே தின்.

நீ மடத்து வாசல் வழியாக உள்ளே வா. நான் கிராதிக்கு இப்புறம் நிற்பேன். இந்தத் தடவை அம்மா எப்படி இருக்கிறாள் என்று நான் கேட்க மாட்டேன், எனக்கே தெரியும். சாந்துக்குப் பின்னால் தலையைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறாள். துண்டு எங்கே என்று கேட்டு முப்பத்து நாலு வருஷம் ஆகிறது.

தண்ணீர் ஆறிக்கொண்டிருக்கிறது, நேரி. ஓடி வா.

உன் நூத்தா